டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் முதல் ஆறு மாதம்: புதிதாக வருகிறவர்களுக்கு

கோவை பீளமேட்டில் ஒரு பள்ளியின் முதல் மாடி வகுப்பறை. மேடையில் பேசிப் பழக நினைப்பவர்கள் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பின் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி. கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் எழுந்து போய்விடலாம் என்ற எண்ணம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "அம்மணி, முதல் தடவையா வர்றீங்களா? மேடைக்குக் கூப்பிடுவாங்கன்னு பயந்துக்காதீங்க. இன்னைக்கு நீங்க கேட்டீங்கன்னாப் போதும்" என்றார். 2018 கடைசியில் நடந்தது இது. இன்று புதிதாக வருகிறவர்கள் கதவுப் பக்கம் உட்கார்ந்தால் நான் போய் அதே வார்த்தையைச் சொல்கிறேன்.

அது ஆறுதலுக்குச் சொன்னது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் கிளப்பின் முழு வேலையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஒன்றரை, இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒருவர் பேசுவது அதிகம் போனால் 7 நிமிடம். பல வாரம் அதுவும் கிடையாது. மீதி நேரம் முழுக்கக் கேட்கிறோம். நான் கற்றதில் முக்கால்வாசி அந்த நாற்காலியில் உட்கார்ந்து கற்றது. இந்தக் கட்டுரையில் கிளப்பைத் தேடுவதில் தொடங்கி முதல் பேச்சு, முதல் மதிப்பீடு வரை வரிசையாகச் சொல்கிறேன். கேட்பதுதான் இங்கே பெரிய வேலை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்தக் கிளப்புக்குப் போவது

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பயிற்சி மையமல்ல. ஆசிரியர் கிடையாது, பரீட்சை கிடையாது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்ளும் மன்றம். ரால்ப் ஸ்மெட்லி என்பவர் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் 1924 அக்டோபர் 22 அன்று முதல் கூட்டத்தை நடத்தினார். விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகம் செய்து வைப்பவருக்கு அந்தக் காலத்தில் டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர். அதையே மன்றத்துக்கும் வைத்தார்கள். பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது 1973இல்தான். அதாவது 49 ஆண்டுகள் கழித்து. இன்று எங்கள் கிளப்பில் பாதிக்கு மேல் பெண்கள். இதைப் புதிதாக வரும் பெண்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

அமைப்பின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் கிளப்புகள், கூடும் கிழமை, நேரம் எல்லாம் வரும். அதில் இரண்டு வகை உண்டு. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பொதுக் கிளப்புகள் ஒரு வகை. ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மட்டுமான கிளப்புகள் இன்னொரு வகை. போவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சலோ போனோ செய்து கேட்டுவிடுங்கள். சில கிளப்புகள் மாதத்தில் இரண்டு வாரம்தான் கூடும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு கேவல் கிளப் என்று தனியாக இருக்கிறது.

விருந்தினராகப் போகக் காசு கேட்க மாட்டார்கள். அதனால் ஒரே கிளப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று இடத்துக்காவது போங்கள். நான் முதலில் போன இடத்தில் எல்லாரும் அருமையாகப் பேசினார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் பேச்சு சுமார்தான். முடிந்தபிறகு அரை மணி நேரம் வாசலில் நின்று, அன்று பேசிய பையனோடு எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சேர்ந்தது இரண்டாவதில். அதுதான் அந்தப் பீளமேட்டு வகுப்பறை. கிளப்பை எடைபோட நான் சொல்லும் வழி இதுதான்: மோசமாகப் பேசியவரிடம் கூட்டம் முடிந்தபின் எத்தனை பேர் போய்ப் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

முதல் கூட்டத்தில் என்ன நடக்கும்

மூன்று பகுதி. தயாரித்து வந்த பேச்சுகள் முதலில். அடுத்து டேபிள் டாபிக்ஸ்: தலைப்பை அங்கேயே சொல்லி, அங்கேயே ஒன்றிரண்டு நிமிடம் பேச வைப்பது. மூன்றாவது மதிப்பீடு. ஒவ்வொரு பேச்சையும் ஒரு எவாலுவேட்டர் எழுந்து அலசுவார். கடைசியில் ஜெனரல் எவாலுவேட்டர் கூட்டம் முழுவதைப் பற்றியும் சொல்வார். வரிசை கிளப்புக்குக் கிளப் கொஞ்சம் மாறும்.

நடுநடுவே ஒருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார். அவர் டைமர். 5 முதல் 7 நிமிடப் பேச்சு என்றால் 5ஆவது நிமிடத்தில் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு 30 விநாடி சலுகை. பெரிய கிளப்புகளில் விளக்கு வைத்திருப்பார்கள். எங்களிடம் இருப்பது சார்ட் பேப்பரில் வெட்டி, ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய மூன்று வட்டம். இன்னொருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து நீங்கள் எத்தனை தடவை "ஆ...", "ம்ம்..." போட்டீர்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். அவர் ஆ கவுண்டர். மொழியைக் கவனிக்கிறவர் கிராமேரியன். கூட்டத்தின் தொடக்கத்தில் "இன்றைய சொல்" ஒன்றைக் கொடுத்து, பேசும் எல்லாரையும் அதைப் பயன்படுத்தச் சொல்வார். ஒரு வாரம் "வாஞ்சை" என்று கொடுத்தார்கள். எல்லாரும் அம்மாவையும் குழந்தையையும் பற்றிச் சொல்ல, பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வரும் ஒரு அண்ணன் தங்கள் வீட்டு எருமை தன் கன்றைத் தேடிக் கத்தியதைச் சொல்லி அந்தச் சொல்லை வைத்தார். அந்த வார்த்தை இப்போது எங்கே வந்தாலும் எனக்கு அந்த எருமைதான் நினைவுக்கு வருகிறது.

விருந்தினரையும் டேபிள் டாபிக்ஸுக்குக் கூப்பிடுவதுண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கடைசியில் "கூட்டம் எப்படி இருந்தது" என்று விருந்தினர்களிடம் கேட்பார்கள். அப்போது மட்டும் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் சொல்லிவிடுங்கள். பெயர், எந்தப் பேச்சு மனதில் நின்றது, ஏன். இவ்வளவு போதும். நாளைக்கு நீங்கள் செய்யப்போகும் மதிப்பீட்டின் முதல் வரி அது.

சேரும்போது

சர்வதேச அமைப்புக்கான சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர். புதிதாகச் சேர்கிறவர் ஒரே ஒரு முறை கூடுதலாக 20 டாலர் கட்ட வேண்டும். இதுபோக இடவாடகை, டீச்செலவு போன்றவற்றுக்குக் கிளப் தனியாக ஒரு தொகை வாங்கலாம். மொத்தம் ரூபாயில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று பொருளாளரிடம் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தா ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் புதுப்பிக்கப்படும். நம் ஊர்ச் சம்பளத்துக்கு இது சின்னத் தொகையல்ல. ஆகவே சேர்ந்தால் வாரம் தவறாமல் வர முடியுமா என்று வீட்டிலும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சேர்ந்ததும் பாத்வேஸ் என்ற பாடத்திட்டம் இணையத்தில் உங்களுக்குத் திறக்கும். ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து நிலை. பாதையைத் தேர்வதில் ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எதை எடுத்தாலும் முதல் பேச்சு ஒன்றேதான். அதைவிட முக்கியம் ஒரு மென்டரை, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினரைக் கேட்டு வாங்குவது. கிளப்பில் கல்விப் பொறுப்புக்கு ஒரு துணைத்தலைவர் இருப்பார், எல்லாரும் விபிஇ என்பார்கள். அவரிடம் "எனக்கு ஒரு மென்டர் வேணுங்க" என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். எனக்குக் கிடைத்தவர் கதவுப் பக்கம் வந்து பேசிய அந்தப் பெரியவர்தான்.

பேச்சுக்கு முன்னால் கடிகாரம்

சேர்ந்த அடுத்த வாரமே முதல் பேச்சுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு சின்ன ரோல் செய்துவிடுங்கள் என்பது என் கருத்து. முதலில் டைமர். டைமருக்கு எழுந்து விதியை விளக்கும் வேலை 30 விநாடி, கடைசியில் அறிக்கை வாசிக்கும் வேலை 1 நிமிடம். வாசிக்கத் தாள் கையில் இருக்கும். அவை முன்னால் நிற்கும் கால்நடுக்கம் தாளோடு நிற்கும்போதே பாதி போய்விடும். அதற்கும் மேல் ஒரு லாபம் உண்டு. பேசுகிறவர் பச்சையைப் பார்த்ததும் என்ன செய்கிறார், சிவப்பைப் பார்த்ததும் எப்படி முடிவுரையை விழுங்குகிறார் என்று நேருக்கு நேர் பார்ப்பீர்கள். முடிவை முதலிலேயே தயார் செய்யாதவர் அத்தனை பேரும் சிவப்பில் தடுமாறுவார்கள்.

2020இல் ஊரடங்கு வந்து கூட்டம் முழுக்க ஜூமுக்குப் போனபோது, டைமர் தன் திரையின் பின்னணியையே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றிக்காட்டுவார். ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஒருவர் முகம் சிவப்புக்கு நடுவே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போதும் இணையவழிக் கிளப்புகளில் அப்படித்தான். அதிலும் சேரலாம். ஆனால் பக்கத்தில் கிளப் இருந்தால் நேரில் போவதையே நான் சொல்வேன். திரையில் கை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது ஆ கவுண்டர். தமிழில் பேசும் கிளப்பில் இது தனிப் பாடம். நாம் "ஆ" என்று இழுப்பது குறைவு. நம் இட்டுநிரப்பல் எல்லாம் முழுச் சொற்கள்: "வந்து", "அதாவது", "பாத்தீங்கன்னா", "என்ன சொல்றது", இப்போது புதிதாக "சோ", "ஆக்சுவலா". சொற்களாக இருப்பதால் பேசுகிறவருக்கே தெரியாது. நான் முதன்முறை எண்ணியபோது ஒருவர் 6 நிமிடத்தில் 23 "வந்து" போட்டார். அறிக்கையை வாசித்துவிட்டு அன்று வீட்டுக்குப் போய் என் அலுவலகப் போன் பேச்சைக் கவனித்தேன். நானும் "அதாவதுங்க" இல்லாமல் ஒரு வாக்கியம் ஆரம்பிக்கவில்லை. பிறர் வாயில் கேட்டுப் பழகினால்தான் தன் வாயில் வருவது காதில் விழும்.

ஐஸ் பிரேக்கர்

முதல் பேச்சின் பெயர் இது. 4 முதல் 6 நிமிடம். உங்களைப் பற்றி நீங்களே பேச வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அதனாலேயே பெரும்பாலானவர்கள் பயோடேட்டாவை வாசித்துவிடுகிறார்கள்: பிறந்தது, படித்தது, வேலை, கல்யாணம், குழந்தைகள், பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது. நான் எழுதிக்கொண்டு போனதும் அதேதான். மென்டர் ஐயா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல உங்களைத் தவிர வேற யாரும் சொல்ல முடியாதது எதுங்க அம்மணி?" என்று கேட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"சரி, கணக்குப் பிரிவுல வேலைன்னு எழுதியிருக்கீங்க. கணக்கு எப்படிப் பிடிச்சுது?" என்றார். அப்போதுதான் அம்மாவின் டேப் நினைவுக்கு வந்தது. அம்மா வீட்டில் தையல் தைப்பாள். அளவெடுக்கும் டேப்பில் முதல் இரண்டு அங்குலம் கிழிந்துபோய்விட்டது. புதுசு வாங்காமல், எந்த அளவு வந்தாலும் அதில் இரண்டைக் கழித்துச் சொல்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். 36 வந்தால் 34. பதினேழரை வந்தால் பதினைந்தரை. கழித்தல் கணக்கை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, கிழிந்த டேப்பில். இதைச் சொல்லி முடித்ததும் ஐயா, "அதைப் பேசுங்க. மீதி எல்லாம் வேண்டாம்" என்றார்.

ஆக, தயாரிக்கும் முறை இது. முதலில் எழுத உட்காராதீர்கள். யாரிடமாவது பேசுங்கள், அவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பேச்சில் ஒரு பொருளோ, ஒரு இடமோ, ஒரு நாளோ அகப்படும். உங்கள் வாழ்க்கை முழுவதையும் 6 நிமிடத்தில் சொல்ல முடியாது. அந்தப் பொருளை மட்டும் சொன்னால் வாழ்க்கை அதன் பின்னாலேயே வந்துவிடும். பிறகு முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி இரண்டு வாக்கியத்தையும் மட்டும் வரிக்கு வரி எழுதி மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் வருவதற்குக் குறிப்புகள் போதும். சத்தம் போட்டு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து ஐந்து தடவையாவது பேசிப்பாருங்கள். நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் போகாது. உங்கள் கணக்கை நீங்களே எண்ணித் தெரிந்துகொண்டால் எவ்வளவு எழுதலாம் என்று தெரிந்துவிடும்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேட்பார்கள். கிளப் உங்கள் சொந்த அனுபவத்தைத்தான் கேட்கிறது, உண்மை. ஆனால் அந்த அனுபவத்தில் வேறு ஆட்களும் இருப்பார்கள். கணவர், மாமியார், தம்பி, அலுவலக நண்பர். அவர்கள் அறையில் உட்கார்ந்திருந்தால் அப்படியே சொல்வீர்களா என்று கேட்டுப்பாருங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால் அவர்களிடம் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அம்மாவிடம் டேப் கதையைச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். "அதுல என்ன கண்ணு இருக்குது, சொல்லு" என்றாள். இன்னொன்று, ஆறாத காயத்தை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். எங்கள் கிளப்பில் ஒருவர் அப்பா இறந்து மூன்று வாரத்தில் அதையே பேச வந்து, இரண்டாவது நிமிடத்தில் தொடர முடியாமல் நின்றுவிட்டார். எல்லாரும் எழுந்துபோய் அவரைப் பிடித்துக்கொண்டோம். அது பேச்சாக ஆகவில்லை, ஆக வேண்டியதும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அதே விஷயத்தை அவர் பேசினார். அப்போது அவருக்கு அப்பாவைப் பற்றிச் சிரிக்கவும் முடிந்தது.

என் ஐஸ் பிரேக்கரில் நடுவில் ஒரு இடத்தில் எல்லாம் மறந்துபோனது. அடுத்த வரி வரவேயில்லை. ஒரு நிமிடம் முழுக்க நின்றதாக எனக்கு ஞாபகம். டைமரின் தாளைப் பிறகு பார்த்தேன்: 11 விநாடி. அந்த 11 விநாடியும் அறையில் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, வரியை எடுத்துக் கொடுக்கவில்லை. 20 பேரும் பேசாமல் காத்திருந்தார்கள். நான் கிளப்பில் இத்தனை ஆண்டு தங்கியதற்குக் காரணம் கேட்டால் அந்த 11 விநாடியைத்தான் சொல்வேன்.

எந்தத் தமிழில் பேசுவது

இது எங்களைப் போன்ற தமிழ், ஆங்கிலம் கலந்த கிளப்புகளில் தவறாமல் வரும் கேள்வி. பாத்வேஸ் பாடங்கள் தமிழிலும் வந்திருக்கின்றன, ஆகவே மொழியால் தடையில்லை. சிக்கல் வேறு இடத்தில். பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நம்மைத் தயார் செய்தது "அவையோர்களே, ஆன்றோர்களே" என்று தொடங்கும் மனப்பாடத் தமிழில். மைக் முன்னால் நின்றதும் வாய் தானாக அதற்குப் போய்விடும். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும். நல்ல தமிழ்தான். ஆனால் டேப் கதையை அதில் சொல்ல முடியாது. "என் அன்னையார் அளவுநாடாவில்" என்று ஆரம்பித்தால் அது என் அம்மா இல்லை.

நான் செய்வது இது: நிகழ்ச்சியைச் சொல்லும்போது வீட்டில் பேசும் தமிழ். அதில் வரும் ஆட்கள் அவர்கள் பேசிய மாதிரியே பேசுவார்கள், கோவைத் தமிழ் என்றால் கோவைத் தமிழ்தான். அந்த நிகழ்ச்சியைப் பற்றி நானாக ஒரு வார்த்தை சொல்ல வரும்போது கொஞ்சம் நிமிர்ந்த தமிழ். இரண்டுக்கும் நடுவே போய் வருவது பழக்கத்தில் வந்துவிடும்.

டேபிள் டாபிக்ஸ்

1 நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், 2இல் சிவப்பு. "நீங்கள் தொலைத்த ஒரு பொருள்" மாதிரி ஏதாவது தலைப்பு வரும். உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். நடந்து முன்னால் வரும் அந்த ஐந்தாறு அடிதான் உங்கள் யோசிக்கும் நேரம், மெதுவாக நடங்கள். தலைப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் 40 விநாடியில் சரக்கு தீர்ந்துவிடும். நேராக ஒரு நாளுக்குப் போய்விடுங்கள். "போன ஆடி மாசம், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் குடையை விட்டுவிட்டு ஏறிவிட்டேன்" என்று தொடங்கினால் மீதியை ஞாபகமே கொடுக்கும். தலைப்பு உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருந்தால் அதைச் சொல்லிவிட்டு, தெரிந்த பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். அதற்கு அனுமதி உண்டு.

அலுவலகத்தில் எனக்கு உடனடிப் பலன் கொடுத்தது இந்தப் பகுதிதான். தணிக்கைக்கு வந்தவர் திடீரென்று ஒன்றைக் கேட்டால், பதில் தெரிந்தும் வாய் குழறும். இப்போது ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

மதிப்பீடு வாங்குவதும் கொடுப்பதும்

என் ஐஸ் பிரேக்கருக்கு எவாலுவேட்டராக வந்தவர் கல்லூரியில் படிக்கும் பெண். என்னைவிட 15 வயது இளையவள். அவள் சொன்னதில் ஒன்று இது: "அக்கா, டேப் கதையை நாலாவது நிமிஷத்துல சொன்னீங்க. அதுவரைக்கும் நான் உங்களை வெளியில இருந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். முதல் நிமிஷத்துலயே டேப்பை எடுத்திருந்தா நான் அப்பவே உங்க வீட்டுக்குள்ள வந்திருப்பேன்." எனக்கு முகம் சூடானது. ஐயா வேண்டாம் என்று சொல்லியும், பாதுகாப்புக்காகப் படிப்பு, வேலை எல்லாவற்றையும் முன்னால் சேர்த்திருந்தேன். அவளுக்கு அது எதுவும் தெரியாது. ஆனாலும் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

மதிப்பீடு கேட்கும்போது பதில் சொல்லாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள், தலையாட்டி மறுக்கவும் வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கிளப்பில் எல்லாருமே ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிப் பேச்சாளரிடம் கொடுப்போம். அதை அன்றே படிக்காமல் இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். அப்போதுதான் பாராட்டும் திருத்தமும் சம அளவில் கண்ணுக்குத் தெரியும். மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அதைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை வைத்துப் பேச்சையே மாற்ற வேண்டியதில்லை. என் சீட்டுகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

மதிப்பீடு கொடுப்பதற்கு 2 முதல் 3 நிமிடம். நான்கைந்து மாதத்தில் உங்களையும் கேட்பார்கள். நான் முதலில் மதிப்பிட்டது ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனின் பேச்சை. பெரியவர், நன்றாகப் பேசக்கூடியவர், நான் என்ன சொல்வது என்று "குரல் நன்றாக இருந்தது, கருத்து நன்றாக இருந்தது, எல்லாரையும் பார்த்துப் பேசினீர்கள்" என்று மூன்று நிமிடத்தை நிரப்பினேன். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஏனுங்க தங்கச்சி, நான் ரெண்டு வாரம் தயார் பண்ணிட்டு வந்தேனுங்க. நீங்க சொன்னதை என் பேச்சைக் கேக்காமலே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். வீடு போய்ச் சேரும்வரை அது மனதை விட்டுப் போகவில்லை.

அதிலிருந்து நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். பேச்சு நடக்கும்போது தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன். இடப்பக்கம் அவர் சொன்ன வார்த்தை, வலப்பக்கம் அந்த நொடியில் எனக்கு என்ன ஆனது. "சைக்கிளை வித்துட்டாரு" என்று அவர் சொன்னது இடப்பக்கம். "தொண்டை அடைத்தது" என்பது வலப்பக்கம். "ஆக வறுமை மிகக் கொடியது" இடப்பக்கம். "வெளியே வந்துவிட்டேன்" வலப்பக்கம். எழுந்து நின்றால் இதைத்தான் சொல்வேன்: "அப்பா சைக்கிளை விற்றதைச் சொல்லிவிட்டு இரண்டு விநாடி நின்றீர்கள். அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. உடனே அடுத்த வரியில் வறுமையைப் பற்றி விளக்கம் கொடுத்தீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் நான் இன்னும் உங்கள் அப்பாவோடு நின்றிருப்பேன்." இதில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க எதுவுமில்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அதனால் புதியவர் மூத்தவருக்குச் சொன்னாலும் மனம் நோகாது. திருத்தம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் சொன்னால் எதுவும் நிற்காது.

நாலாவது மாதம்

பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான் ஆட்கள் வருவதை நிறுத்துகிறார்கள். ஐஸ் பிரேக்கர் முடிந்து, கைதட்டல் கிடைத்து, இரண்டாவது பேச்சு சப்பென்று போயிருக்கும். முதல் பேச்சில் வாழ்க்கையில் சேர்த்துவைத்த நல்ல கதை செலவாகிவிட்டது, அடுத்ததற்குத் தேட வேண்டும். அதோடு வீட்டில் விசேஷம், ஆண்டு முடிவுக் கணக்கு என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்றாவது வாரம் போகக் கூச்சமாக இருக்கும்.

இதற்கு நான் கண்ட ஒரே வழி, ஒரு கூட்டம் முடிந்து கிளம்பும்போதே அடுத்த கூட்டத்துக்கு ஏதாவது ஒரு ரோலில் பெயர் கொடுத்துவிடுவது. டைமர் என்றாலும் சரி. அட்டை உங்கள் பையில் இருந்தால் போயே ஆக வேண்டும். பேச விஷயமில்லாத மாதங்களில் நான் மதிப்பீடு மட்டும் எடுத்துக்கொள்வேன். ஊர்க் கதைகளை எல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நம் கதை ஒன்று தானாக எழுந்து வரும். எருமை கன்றைத் தேடிய கதையைக் கேட்டதால்தான் எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றடி எனக்கு ஞாபகம் வந்து, என் மூன்றாவது பேச்சானது.

போட்டிகள் பற்றி ஒரு வார்த்தை. கிளப் அளவில் தொடங்கி, மாவட்டம் தாண்டி, உலகப் போட்டி வரை உண்டு. 2014இல் கோலாலம்பூரில் உலகச் சாம்பியன் ஆனவர் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாரச்சி. அடுத்த ஆண்டு வென்ற சவுதி அரேபியாவின் முகமது கஹ்தானி சிறுவயதில் திக்குவாயோடு வளர்ந்தவர். திக்கல் இருப்பதால் தயங்கி நிற்கும் யாராவது கிளப்பை விசாரித்தால் அவரைப் பற்றி நான் சொல்வதுண்டு. முதல் ஆறு மாதத்தில் நீங்கள் போட்டியில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் டைமராகவோ வாக்கு எண்ணவோ போய் உட்காருங்கள், ஒரே மாலையில் பத்துப் பேச்சு கேட்கலாம்.

வரும் வாரம் கிளம்புகிறீர்கள் என்றால்

ஒரு நோட்டு, ஒரு பேனா, தண்ணீர் பாட்டில். வேறு எதுவும் வேண்டாம். குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் போங்கள். அந்த நேரத்தில் இரண்டு மூன்று பேர் பெஞ்சை ஓரம் தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருவர் போர்டில் இன்றைய சொல்லை எழுதிக்கொண்டிருப்பார். நீங்களும் ஒரு நாற்காலியைத் தூக்குங்கள். பெயர், ஊர், வேலை எல்லாம் நாற்காலி போடும்போதே பேசியாகிவிடும். எங்கள் கிளப்பில் அந்த ஐயாவுக்கு இப்போது முட்டி வலி, தூக்க முடிவதில்லை. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.